மதுரையிலிருந்து சீரியலுக்கு அத்தையாகப் போவது எப்படி

சிம்மக்கல்லில் என் தையல் கடைக்கு பிளவுஸ் தைக்க வருகிறவர்களில் மாதத்துக்கு இரண்டு பேராவது அளவு கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் நிற்பார்கள். "அக்கா, நானும் சீரியல்ல நடிக்கலாம்னு இருக்கேன், யாரைப் பாக்கணும்?" இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்கு 57 வயது. 14 வருடமாக நடிக்கிறேன். அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரி, சம்பந்தியம்மா, ஒரு தடவை வக்கீல், இரண்டு தடவை பிணம். கதாநாயகி ஆவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், தெரியாது. கல்யாண மண்டபக் காட்சியில் நாலாவது ஆளாக நின்று முகத்தைச் சுளிப்பவளாகவே வருடக்கணக்கில் இருப்பது எப்படி என்று தெரியும். ஃபீல்டில் எங்களைக் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள்.

இது என்ன மாதிரித் தொழில் என்பதை நான் சீரியலுக்குப் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவிடம் பார்த்தது. அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், மிருதங்கம் இன்னொரு ஊர். அந்த ஒரு ராத்திரிக்கென்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து அழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால் வணக்கம் சொல்லிக்கொண்டவர்கள், விடிகிற வரைக்கும் வள்ளியும் நாரதருமாகத் தர்க்கம் பண்ணுவார்கள். அதற்கு முந்திய காலத்தில் கம்பெனி நாடகம் வேறு மாதிரி. 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது பையன்களைக் கூடவே தங்கவைத்து, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்துப் பழக்கினார்கள். பின்னால் பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்தான். ஸ்பெஷல் நாடகத்தில் அந்தப் பழக்கமெல்லாம் அவரவர் வீட்டோடு. வரும்போதே எல்லாம் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

சீரியலும் அப்படித்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு, "இவர்தாம்மா உங்க மகன்" என்று ஒரு பையனைக் காட்டுவார்கள். ஒன்பதரைக்கு அவனைக் கட்டிப் பிடித்து அழவேண்டும்.

அப்பா ஒரு மாத காலண்டர் வைத்திருப்பார். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் ஊராகத் திருவிழா. வாசித்துவிட்டு வந்த ஒவ்வொரு ராத்திரிக்கும் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். மார்கழியில் உட்கார்ந்து வட்டத்தை எண்ணி, கிடைத்ததைப் பன்னிரண்டால் வகுப்பார். "இதுதான் நம்ம மாசச் சம்பளம், இதுக்கு மேல வாயைத் தொறக்காதீங்க" என்று அம்மாவிடம் சொல்வார். என் கடைச் சுவரிலும் அந்த மாதிரி ஒரு காலண்டர் தொங்குகிறது. போன வருடம் 94 வட்டம். நடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு காலண்டரும் சிவப்புப் பென்சிலும் வாங்குங்கள். சிரிக்காதீர்கள், கீழே பணக் கணக்குக்கு வரும்போது புரியும்.

உள்ளே போவது

நான் போனது திட்டம் போட்டு இல்லை. சோழவந்தான் பக்கம் ஒரு சீரியல்காரர்கள் பத்து நாள் அவுட்டோர் வந்தார்கள். பிளவுஸ் பிரிக்க, பிடிக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது நாள் ஒரு சாவு வீட்டுக் காட்சி. மாரடித்து அழுவதற்கு வந்த பெண்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு நான் போய் ஒரு ஒப்பாரி எடுத்தேன். எங்கள் தெருவில் எடுக்காத ஒப்பாரியா? அன்றைக்கு 800 ரூபாய் கொடுத்தார்கள். தையலுக்கு 300 தனியாக.

உங்களுக்கு அப்படி ஒரு சாவு வீடு அமையும் என்று காத்திருக்க முடியாது. இன்றைக்கு வழி போன்தான். நாலு படமும் ஒரு நிமிட வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்குப் போகவேண்டாம். காலை எட்டு மணி வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்து நின்று, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி எடுத்தால் போதும். ஒன்று காட்டன் சேலையில், ஒன்று பட்டில், ஒன்று பக்கவாட்டில், ஒன்று பொட்டு இல்லாமல்.

அந்த நாலாவது படத்துக்கு வீட்டில் சண்டை வரும், எனக்கும் வந்தது. பொட்டில்லாத படத்தை என் வீட்டுக்காரர் தற்செயலாக போனில் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் எங்கள் வயதுக்கு வரும் வேடத்தில் பாதி புருஷனை இழந்த அம்மாதான். படம் இல்லாவிட்டால் வேடம் அடுத்தவளுக்குப் போகும். அப்புறம் தாலியை என்ன செய்வது என்று எல்லாப் பெண்களும் கேட்பார்கள். கழற்றத் தேவையில்லை. பிளவுஸின் உள்பக்கம், இடது பக்கத்தில், மூன்று விரல் அகலத்துக்கு மெல்லிய மல் துணியில் ஒரு பை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். தாலியைச் சுருட்டி அதில் போட்டு ஒரு பிரஸ் பட்டன். கயிறு கழுத்தில் தெரியாமலிருக்கப் பின்கழுத்து மட்டும் கொஞ்சம் ஏற்றமாக இருக்கவேண்டும். சென்னையில் ஆறு ஆர்ட்டிஸ்டுகளுக்கு இந்தப் பை தைத்துக் கொடுத்திருக்கிறேன். நடிப்பைப் பற்றி என்னை யாரும் விசாரித்ததில்லை, இந்தப் பையை விசாரித்து போன் வருகிறது.

வீடியோவில் பெயர், வயது, உயரம், ஊர், என்ன பாஷை தெரியும் என்று சொல்லிவிட்டு ஏதாவது பேசிக் காட்டுங்கள். சினிமா வசனம் வேண்டவே வேண்டாம். பால்காரரிடம் பாக்கி கேட்பது மாதிரி ஒன்று, பெண் பார்க்க வந்தவர்களை உபசரிப்பது மாதிரி ஒன்று. போனைப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், நிமிர்த்தி எடுத்ததை நிறையப் பேர் முழுதாகப் பார்ப்பதில்லை.

இதை அனுப்புவது கோ-ஆர்டினேட்டருக்கு. கம்பெனி மேனேஜர் "ஐம்பது வயசுல ஒரு அம்மா, மதுரை பாஷை, நாளைக்கே வேணும்" என்று அவரிடம்தான் கேட்பார். அவருக்குச் சம்பளத்தில் பத்து சதவீதம். வேலை செய்து பணம் வந்த பிறகு கொடுப்பது அது. வேலைக்கு முன்னால் உங்களிடம் யார் பணம் கேட்டாலும், அவர் எவ்வளவு பெரிய நடிகரோடு நிற்கிற போட்டோ காட்டினாலும், எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை. டவுன் பக்கம் ஒரு லாட்ஜில் "நடிகர் நடிகையர் தேர்வு" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போட்டோ ஆல்பத்துக்கு என்று 6,000 ரூபாய் வாங்கினார்கள். மறுவாரம் அந்த ரூமில் ஜவுளி ஏவாரி தங்கியிருந்தார். இப்போது அதே வேலையை ஜிபேயில் செய்கிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.

சின்னத்திரை நடிகர் சங்கத்தில் உறுப்பினர் ஆவதானாலும் நேரில் அலுவலகத்துக்குப் போய்க் கட்டி, ரசீது வாங்குங்கள். இடையில் "நான் கட்டிடறேன்மா" என்று கை நீட்டுகிறவர் வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொன்று. ராத்திரி பத்து மணிக்கு "கதை சொல்லணும், வாங்க" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். எங்கள் வேடத்துக்குக் கதையே கிடையாது, போனில் இரண்டு வரியில் முடிந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள் குழு இருக்கவேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. தினக்கூலிக்குப் போகிற நமக்கும் அது பொருந்தும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மேனேஜரிடம் கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை. நான் கேட்பேன். ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

செட்டில் என்ன நடக்கும்

முதல் நாள் என்னைத் திணறடித்தது ப்ராம்ப்டிங். அப்பாவோடு நாடகம் பார்த்து வளர்ந்தவள், ராத்திரி முழுக்கக் கண் விழித்து நாலு பக்கத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். போனதும் சீனையே மாற்றிவிட்டார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு உதவி டைரக்டர் தம்பி பேப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்லுவார், நாம் வாங்கிச் சொல்லவேண்டும். அந்தச் சத்தமெல்லாம் பின்னால் டப்பிங்கில் போய்விடும்.

கேட்பதற்கு சுலபம். ஆனால் காது தம்பி பக்கம் போகும்போது கண்ணும் கூடவே போகும். வீட்டில் பழக ஒரு வழி இருக்கிறது. டிவியில் செய்தி வைத்துவிட்டு, முதுகை டிவிக்குக் காட்டி, சுவரில் ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு, வாசிப்பவர் சொல்கிற ஒவ்வொரு வரியையும் அரை நொடி தள்ளிச் சொல்லுங்கள். ஆணியை விட்டுக் கண் நகரக் கூடாது. செய்தியைக் கோபமாகச் சொல்லிப் பாருங்கள், பிறகு அழுதுகொண்டே. தங்க விலையை அழுதுகொண்டு சொல்ல எனக்கு நடிக்கவே தேவைப்படவில்லை. இப்போது சில கம்பெனிகளில் லைவ் சவுண்ட் வந்துவிட்டது, அங்கே ப்ராம்ப்டிங் கிடையாது, முதல் நாளே பேப்பர் வரும். இரண்டுக்கும் தயாராக இருக்கவேண்டும்.

அடுத்தது லுக். நீங்கள் மகனைத் திட்டுகிறீர்கள், மகன் அங்கே இருக்கமாட்டான். அவனுக்கு இன்னொரு சீரியலில் டேட். உங்கள் க்ளோஸை இன்றைக்கு எடுப்பார்கள், அவனுடையதை வியாழக்கிழமை எடுப்பார்கள். மகன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு லைட் ஸ்டாண்ட். "அம்மா, ஸ்டாண்ட்ல அந்த ஸ்க்ரூதான் உங்க மகன்" என்பார்கள். முன்னால் எடுத்த ஷாட்டில் மகன் கேமராவுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் நின்றான் என்று நீங்களே நினைவு வைத்திருந்தால் உதவி டைரக்டருக்கு உங்களைப் பிடித்துப்போகும். இரண்டு பேரும் சேர்ந்து வருவதை காம்பினேஷன் என்பார்கள். காம்பினேஷன் உள்ள நாளில் மகனிடம் பழகி, அவன் எப்படி நிற்பான், கையை என்ன செய்வான் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் ஸ்க்ரூவிடம் அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம் ரியாக்ஷன். எங்கள் சோறு இதில்தான். வசனம் இருக்கிறவர்கள் பேசி முடித்ததும், வீட்டில் உள்ள அத்தனை பேர் முகத்தையும் வரிசையாக எடுப்பார்கள். "ஷாக்... கொஞ்சம் கோபம்... இப்ப அப்படியே வலது பக்கம் மருமகளைப் பாருங்க... கட்." எதற்கு ஷாக் என்று சில சமயம் சொல்லக்கூட மாட்டார்கள், கதையை இன்னும் எழுதியிருக்கமாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் கண்ணை விரித்து, வாயைப் பிளந்து, நெஞ்சில் கை வைப்பார்கள். ஒரு எபிசோடில் மூன்று தடவை அப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மெஷினில் வேகமாக அடிக்கும்போது ஊசி விரலில் ஏறியிருக்கிறதா உங்களுக்கு? ஏறிய அந்த நொடியில் வலிக்காது. மூச்சு நிற்கும். கால் தானாக மிதியை விட்டுவிடும். கண் விரலைப் பார்க்காது, பார்க்கப் பயப்படும். ஒரு நொடி கழித்துத்தான் பார்ப்போம், அதற்கும் பிறகுதான் "ஆ." டைரக்டர் ஷாக் என்றதும் நான் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். மூச்சை நிறுத்துவேன், மெதுவாகக் கீழே பார்ப்பேன், "ஆ" வருவதற்குள் கட் சொல்லிவிடுவார்கள். எடிட்டருக்கு அது மூன்று விதமாக வெட்ட வசதி. தையல் தெரியாதவர்கள் வேறு ஒன்றைக் கண்டுபிடியுங்கள், அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறிப்பதோ எதுவோ. உங்கள் உடம்பில் நடந்ததாக இருக்கட்டும்.

நின்றுகொண்டு கேட்பதைக் கற்றுக்கொள்ள டிவியை விட நாடக மேடை நல்லது. திருவிழா சீசனில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் எந்த ஊரிலாவது வள்ளி திருமணம் போட்டிருப்பார்கள். போய் ஓரமாக உட்கார்ந்து, வள்ளி பேசும்போது நாரதரைப் பாருங்கள். அரை மணி நேரம் பாட்டும் வசனமுமாக அடித்துக்கொண்டிருப்பாள், அவர் சும்மா நிற்கிறாரா, என்ன செய்கிறார், எந்த இடத்தில் ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்து ஜனங்களைத் தன் பக்கம் இழுக்கிறார் என்று கவனியுங்கள்.

பிணமாகப் படுக்கச் சொன்னால் தயங்கவேண்டாம், படுத்தபடி ஒரு நாள் சம்பளம். வயிற்றால் மூச்சு விடாமல் நெஞ்சின் மேல்பக்கமாகச் சின்னச் சின்னதாக விடுங்கள், மாலை அசையாது. ஷாட் முடிந்து எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். அது அந்தத் தொழிலின் சாஸ்திரம், சிரித்துவிட்டு வாருங்கள்.

மதுரை பாஷை

நம்மைக் கூப்பிடுவதே இதற்குத்தான், அதனால் பேப்பரில் எழுதியிருக்கிற மதுரை பாஷை பெரும்பாலும் நம் பாஷையாக இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "ஏலே, என்னலே" என்று எழுதியிருப்பார்கள். அது திருநெல்வேலி. நம் ஊரில் யார் "லே" போடுகிறார்கள்? நாம் "அங்கிட்டுப் போ", "இம்புட்டுத்தானா", "வெரசா வாய்யா", "பையப் போ", "பொசுக்குன்னு கோவிச்சுக்கிட்டான்", "என்னைய வையிறா" என்போம். "வையிறது" என்றால் திட்டுவது என்று ஒரு சென்னை தம்பிக்கு விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. "எதை வைக்கிறாங்க, எங்க வைக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஷாட் நடக்கும்போது எல்லோர் முன்னாலும் டைரக்டரிடம் "இது தப்பு சார்" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன், அந்த சீரியலில் அதுவே எனக்குக் கடைசி நாள். காலையில் மேக்கப் போடும்போது உதவி டைரக்டரைக் கூப்பிட்டு, "தம்பி, இதை எங்க ஊர்ல இப்படிச் சொல்லுவோம், வச்சுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். அவர் பேப்பரில் மாற்றி எழுதிக்கொண்டால் அது அவர் யோசனை ஆகிவிடும், ப்ராம்ப்டிங்கிலும் அப்படியே வரும்.

டப்பிங் யார் பேசப்போகிறார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். நீங்களே பேசினால் அதற்குத் தனியாகப் பணம் உண்டா என்றும் கேளுங்கள். என் முதல் சீரியலில் என் வாய் மதுரை, குரல் மயிலாப்பூர். எங்கள் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

சேலை

பெரும்பாலான சீரியலில் எங்களுக்கு காஸ்ட்யூம் நம் சொந்தச் சேலைதான். வில்லி மாமியாருக்குக் கொடுப்பார்கள், நாலாவதாக நிற்கிற அத்தைக்குக் கொடுப்பதில்லை. அதனால் பீரோவை நடிகையாகப் பாருங்கள். வீட்டுக் காட்சிக்குச் சுங்குடி போல ஒன்றும் வராது. அலசிப் பிழிந்து போட்டால் மறுநாள் கட்டலாம், கசங்கினாலும் வீட்டுச் சேலை கசங்கினது மாதிரி இருக்கும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, நாம் கட்டாமல் யார் கட்டுவது? சுத்த வெள்ளையும் நெருக்கக் கோடு போட்டதும் வேண்டாம், கேமராவில் கோடு நெளியும். கதாநாயகி என்ன நிறம் என்று காஸ்ட்யூம் பையனிடம் கேட்டுவிட்டு அந்த நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள்தான் மாற்றவேண்டி வரும்.

கன்டினியூட்டிதான் பெரிய பாடு. சீரியலில் ஒரு கல்யாணம் இரண்டு வாரம் ஓடும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு முகூர்த்தம், நமக்கு எட்டு நாள் ஷூட்டிங், எட்டு நாளும் அதே பட்டு, அதே பிளவுஸ், லைட்டு வெக்கையில். ஆகவே கல்யாணம் வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் அந்த பிளவுஸில் இரண்டு தைத்துவிடுங்கள், துணி மொத்தமாக எடுத்தால்தான் நிறம் ஒத்துப்போகும். அக்குளில் உள்பக்கம் பிறைநிலா வடிவில் இரண்டு மடிப்பு பருத்தித் துணி வெட்டி, பிரஸ் பட்டனில் மாட்டினால் சாயங்காலம் கழற்றி அலசிப் போடலாம். முன்பெல்லாம் இந்தத் துணி, லேஸ், கொக்கி எல்லாம் புதுமண்டபத்தில் ஒரே நடையில் வாங்கிவிடுவேன், இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. எந்த சீனுக்கு எந்த சேலை, எந்தத் தோடு, பொட்டு எவ்வளவு பெரிசு, வளையல் எத்தனை என்று கண்ணாடி முன்னால் நின்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இருபது நாள் கழித்து "அந்த ஆஸ்பத்திரி சீன் தொடர்ச்சிம்மா" என்பார்கள்.

பணம்

இப்போது என் சம்பளம் நாளுக்கு 3,500. ஐந்து நாள் போனால் 17,500. அதில் டிடிஎஸ் என்று கம்பெனி முன்னாலேயே பிடிக்கிற வருமான வரி பத்து சதவீதம் 1,750, கோ-ஆர்டினேட்டருக்கு 1,750. மீதி 14,000. ரயில் போக வர 700. சென்னை சாலிகிராமத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்திருக்கிற ரூமுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் என் பங்கு 1,500. கையில் நிற்பது 11,800, அதாவது நாளுக்கு 2,360. காலண்டரில் 94 வட்டத்தோடு பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பதினெட்டாயிரத்துச் சொச்சம். சேலைச் செலவை இன்னும் கழிக்கவில்லை. அந்தப் பணமும் வேலை செய்த மாதம் வராது, இரண்டு மாதம் கழித்து வந்தால் நல்ல கம்பெனி. இதனால்தான் நான் மெஷினை விற்கவில்லை.

டிடிஎஸ் போனது போனதுதான் என்று முதல் மூன்று வருடம் விட்டுவிட்டேன். வருடா வருடம் கணக்கைத் தாக்கல் செய்தால் நம் வருமானத்துக்கு அது திரும்பி வரும் என்று ஒரு ஆடிட்டர் வீட்டு அம்மா பிளவுஸ் வாங்க வந்தபோது சொன்னார். பான் கார்டு கொடுக்காவிட்டால் பத்துக்கு இருபதாகப் பிடிப்பார்கள், அதையும் முதல் நாளே மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். மறுஒளிபரப்புக்கு என்று எனக்கு இதுவரை ஒரு ரூபாய் வந்ததில்லை. 2020-ல் மார்ச் 19-ம் தேதி ஷூட்டிங் மொத்தமும் நின்றது. மே கடைசியில் 60 பேருக்கு மேல் கூடாது என்று சொல்லித்தான் திறந்தார்கள். 60 பேரில் நாலாவது அத்தைக்கு எங்கே இடம்? வீடு வீடாகப் பழைய சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, நான் திரும்பவும் டிவியில் அழுதுகொண்டிருந்தேன், இங்கே கடையில் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தேன்.

வேடம் கெட்டதாக இருந்தால் கடைக்குப் பாதிப்பு உண்டு. மருமகளைப் பட்டினி போடுகிற அத்தையாக நடித்த ஏழு மாதமும் ஒரு தெருவிலிருந்து துணியே வரவில்லை. அப்போது என் தங்கச்சி மகளைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே வெட்டு மேசைக்குப் போய்விட்டேன்.

உங்கள் படத்துக்கு மாலை போடும்போது

வியாழக்கிழமை டிஆர்பி வரும். எண்ணிக்கை இறங்கினால் கதை திரும்பும், திரும்பும்போது ஓரத்தில் நிற்கிறவர்கள்தான் முதலில் உதிர்வோம். முன்கூட்டியே சில அறிகுறி தெரியும். உங்கள் வசனம் "ஆமா", "என்ன சொல்றே" என்று சுருங்கும். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற காட்சியில் நாற்காலி ஒன்று குறையும். யாராவது ஒருவர் வசனத்தில், "அத்தை காசிக்குப் போகணும்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்பார். காசி என்று காதில் விழுந்ததும் மற்ற கோ-ஆர்டினேட்டர்களுக்கு போன் போட்டுவிடுங்கள். என்னைக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதற்கு முன்னால் எனக்கு மகள் இருந்ததே எனக்குத் தெரியாது. ஏழு மாதம் கழித்து மகளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் திரும்பக் கூப்பிட்டார்கள், போனேன். கோபித்துக்கொண்டு போகாமலிருந்தால் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு கார்டு போட்டு முடித்துவிடுவார்கள்.

ஒரேயடியாகச் சாகடித்துவிட்டால், படம் எடுக்கும்போது கவனம். சுவரில் மாட்டி மாலை போடுவதற்கு ஒரு போட்டோ கேட்பார்கள். ஒரு சீரியலில் நான் செத்தபின் ஒன்றரை வருடம் ஹாலில் தொங்கினேன். மகன் தினமும் என்னிடம் வந்து முறையிடுவான், சில வாரம் உயிரோடு இருந்தபோது வந்ததைவிட அதிக நேரம் திரையில் வந்தேன். அதற்குக் காசு கிடையாது. கேட்டுப் பார்த்தேன், மேனேஜர் அண்ணன் நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் போட்டோ கேட்டால், எடுக்கிற அந்த நாளை ஒரு முழு கால்ஷீட்டாகப் போடச் சொல்கிறேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

கூப்பிட்டால் கிளம்புவது

அழைப்பு சாயங்காலம் நாலு மணிக்கு வரும், நாளைக் காலை ஏழு மணிக்கு சென்னையில் செட்டில் இருக்கவேண்டும். பஸ்ஸை நம்பாதீர்கள். மாட்டுத்தாவணியில் ஏறினால் இப்போது கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள், அங்கிருந்து வடபழனி இன்னொரு பயணம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினால் விடியும்போது எழும்பூர், அங்கேயே மெட்ரோ பிடித்தால் வடபழனி. வழியில் "அடுத்த நிலையம் திருமங்கலம்" என்று அறிவிப்பார்கள். முதல் தடவை தூக்கக் கலக்கத்தில், ரயில் மதுரையைத் தாண்டித் தெற்கே வந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

டிக்கெட் கிடைத்தால் உண்டு. நான் பையை எப்போதும் கட்டியே வைத்திருக்கிறேன்: சுங்குடி இரண்டு, பட்டு ஒன்று, வெளிர் நிறக் காட்டன் ஒன்று, எல்லாவற்றுக்கும் தோதாக இரண்டு கறுப்பு பிளவுஸ், கவரிங் செட், மூன்று அளவில் பொட்டு, ஊசி, நாலு நிற நூல், சேஃப்டி பின், பான் கார்டு நகல், சங்க அட்டை.

காலண்டரில் வட்டத்தை மட்டும் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். நான் கிளம்பும் உற்சாகத்தில் போட்டுவிட்டுப் போய், எழும்பூரில் இறங்கும்போது "இன்னிக்கு உங்க சீன் இல்லம்மா" என்று இரண்டு தடவை மெசேஜ் பார்த்திருக்கிறேன். சிவப்புப் பென்சில் ரப்பருக்குச் சரியாக அழிவதில்லை.